மூல பண்டாரம்: கணக்கறைச் சொல் ஒன்று பாட்டில் ஏறிய விதம்

‘மூல பண்டாரம் வழங்குகின்றான் வந்து முந்துமினே’ என்ற திருவாசக அடியில் பண்டாரம் என்பதற்கு என்ன பொருள்? காவி உடுத்த சைவத் துறவியைத்தானே பண்டாரம் என்கிறோம், ஆளை எப்படி ‘வழங்க’ முடியும்? இதுதான் கேள்வி. நேர் விடை இது: இங்கே பண்டாரம் ஆள் அல்ல. அரசனுடைய பொருளறையும் அதில் உள்ள பொருளும் பண்டாரம். மூல பண்டாரம் என்பது அன்றாடச் செலவுக்கு எடுக்காமல் காத்து வைக்கும் சேமநிதி. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் பாட்டு பாதிதான் புரியும். இது புலவர் வீட்டுச் சொல் அல்ல, கணக்கர் வீட்டுச் சொல். அப்படிப் படித்தால்தான் அந்த அடியின் துணிச்சல் தெரியும்.

முதலில் பாட்டு முழுவதும். திருவாசகத்தில் 36-ஆவது பகுதியான திருப்பாண்டிப் பதிகத்தின் 5-ஆம் பாட்டு இது:

காலமுண் டாகவே காதல்செய் துய்ம்மின் கருதரிய
ஞாலமுண் டானொடு நான்முகன் வானவர் நண்ணரிய
ஆலமுண் டானெங்கள் பாண்டிப் பிரான்தன் அடியவர்க்கு
மூலபண் டாரம் வழங்குகின் றான்வந்து முந்துமினே.

கட்டளைக் கலித்துறை என்பதால் பதிப்புகளில் சீர் பிரித்து இப்படித்தான் அச்சிடுவார்கள். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ‘மூலபண்’ ஒரு சீரிலும் ‘டாரம்’ அடுத்த சீரிலும் விழுவதால், பண் என்றால் இசை, தாரம் என்றால் ஒரு சுரம் என்று எங்கோ போய்விடுகிறவர்கள் உண்டு. சீர் என்பது ஓசைக்கான பிரிப்பு, பொருளுக்கான பிரிப்பு அல்ல. பொருள் காண, காலம் உண்டாகவே, ஞாலம் உண்டானொடு, ஆலம் உண்டான், மூல பண்டாரம் என்று சொல் பிரித்துக்கொள்ள வேண்டும். நேரம் இருக்கும்போதே அன்பு செய்து பிழைத்துக்கொள்ளுங்கள். உலகை உண்ட திருமாலும் நான்முகனும் வானவரும் நெருங்க முடியாத, நஞ்சை உண்ட எங்கள் பாண்டிப் பிரான் தன் அடியவர்களுக்கு மூல பண்டாரத்தை வழங்கிக்கொண்டிருக்கிறான், முந்திக்கொண்டு வாருங்கள் என்பது பொருள்.

நான்கு அடித் தொடக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காலமுண்டா, ஞாலமுண்டா, ஆலமுண்டா, மூலபண்டா. இரண்டாம் எழுத்து ‘ல’ எதுகையாக நிற்பதோடு, ‘ண்டா’ என்ற ஓசையும் நான்கு அடியிலும் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. அடிக்கு 16 எழுத்து (மெய் நீக்கி எண்ண வேண்டும்) என்ற கட்டளையும் சரியாக நிற்கிறது. ஆகவே ‘பண்டாரம்’ என்ற சொல் பாடபேதமாக நுழைந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு இடமே இல்லை. அந்த இடத்தில் நிதியம், வைப்பு என்று எதைப் போட்டாலும் ஓசை உடைந்துவிடும்.

இனிச் சொல்லின் பிறப்பு. வடமொழியில் பாண்டம் என்றால் கலம், சரக்கு. ஆகாரம் என்றால் வீடு, அறை. இரண்டும் சேர்ந்த பாண்டாகாரம் பிராகிருதத்தில் பண்டாரமாகக் குறுகி நம்மிடம் வந்தது. பண்டம், பண்டகசாலை எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆக, பண்டாரத்தின் அடிப்படைப் பொருள் ‘சரக்கு அறை’. பணம் மட்டும் இருக்கும் இடம் என்று எண்ணினால் பழைய வழக்குகள் பல புரியாமல் போகும். நெல், நெய், அணிகலன், காசு, ஓலைச்சுவடி, எது காக்கப்படுகிறதோ அது கிடக்கும் இடம் பண்டாரம். பிறகு இடப்பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகி, நிதியையே குறித்தது.

சங்கப் பாட்டில் இந்தக் கருத்துக்கு வழங்கும் சொல் நிதி, நிதியம், வைப்பு என்பவை. அகநானூறு 60-ஆம் பாட்டில் தலைவியைத் தாய் வீட்டுக்குள் காக்கும் கடுமைக்கு உவமை, சோழர் குடந்தையில் வைத்த ‘நாடுதரு நிதி’. நாடு தந்த நிதி, அதாவது வரியாக வந்து சேர்ந்த அரசுப் பணம். அதற்கு இருந்த காவலைவிடத் தாய் போட்ட காவல் பெரிது என்கிறது பாட்டு. மாமூலனார் இன்னொரு பக்கத்தைப் பாடுகிறார். 265-இல் நந்த அரசர்கள் பாடலியில் (பாடலிபுத்திரம்) சேர்த்துக் கங்கை நீருக்கடியில் ஒளித்த நிதியம்; 127-இல் சேரன் மாந்தை நகரில் குவித்து, மண் தின்னும்படி விட்டுப்போன நிதியம். காக்கப்படும் நிதி, ஒளிக்கப்படும் நிதி, மண் தின்னும் நிதி. மூன்றும் பூட்டிக் கிடக்கும் பொருள்கள். ‘வழங்கப்படும்’ கருவூலம் இந்த உவமைகளில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

கருவூலத்துக்குள் என்னென்ன வரும் என்பதற்குக் குறளே கணக்குத் தருகிறது. ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்’ (756). உறுபொருள், உரியவர் இல்லாமல் அரசனை வந்து சேர்வது: புதையலாய்க் கண்டெடுத்ததும், உரிமை கோர வாரிசு இல்லாததும். உல்குபொருள், கப்பலிலும் தரைவழியிலும் வரும் சரக்குக்கு வாங்கும் சுங்கம். தெறுபொருள், வென்ற பகைவர் கட்டும் திறை. இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என்று 385-ஆம் குறள் சொல்லும் நான்கு வேலைகளில் பண்டாரம் ‘காத்தல்’ என்ற மூன்றாவதற்கு உரியது. யாரிடமிருந்து காப்பது? பரிமேலழகர் பகைவர், கள்வர், சுற்றத்தாரோடு ‘வினைசெய்வார்’ என்று அரசனின் சொந்த அலுவலரையும் சேர்க்கிறார். நிர்வாகம் அறிந்த உரை அது.

பண்டாரம் என்ற சொல் தன் முழு உடம்போடு கிடைப்பது கல்வெட்டுகளில்தான். கோயில் கருவூலம் ‘ஸ்ரீபண்டாரம்’. அதன் பொறுப்பாளர் பண்டாரி. காசோ பொன்னோ செலுத்துவதற்கு வினைச்சொல் ‘ஒடுக்குதல்’: ‘ஸ்ரீபண்டாரத்து ஒடுக்கின காசு’ என்று வரும். இன்றைய பேச்சில் ஒடுக்குதல் என்றால் அடக்கிவைப்பது என்பதால், கல்வெட்டு வாசிக்கப் புதிதாய் வருகிறவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள். ‘கட்டினான், செலுத்தினான்’ என்பதே அங்கே பொருள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் வைத்த 48 பிடாரர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் ஆக 50 பேருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து ‘உள்ளூர்ப் பண்டாரத்தே’ பெற வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. காசு அல்ல, நெல். மரக்காலுக்கும் பெயர் உண்டு. பண்டாரம் சரக்கு அறைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

‘மூல’ என்ற அடைமொழிக்கு வருவோம். மூலம் என்றால் வேர், அடி, முதல். கோயில் கணக்கில் ‘முதல்’ என்பது மிகக் கனமான சொல். அறக்கட்டளைக்குக் கொடுத்த காசைச் செலவழிக்க மாட்டார்கள். தஞ்சைக் கோயிலில் அந்தக் காசை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) வாங்கினார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. செலவு பொலிசையிலிருந்து நடக்கும்; முதல் அப்படியே நிற்கும், சந்திரன் சூரியன் உள்ளவரை. நொந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) கொடுத்த ஆடுகளும் அப்படித்தான். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு, நாளுக்கு உழக்கு நெய். ஆடு செத்தாலும் கிழமானாலும் ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். முதல் குறையக் கூடாது என்பதுதான் அந்த நிர்வாகத்தின் உயிர்.

படைத் துறையிலும் இதே அடைமொழி உண்டு. 762-ஆம் குறளின் ‘தொல்படை’க்குப் பரிமேலழகர் மூலப்படை என்று பொருள் கொள்கிறார், கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எல்லாவற்றிலும் அது சிறந்தது. கம்பனின் யுத்த காண்டத்தில் இராவணனின் மூலபலம் போரின் கடைசிக் கட்டத்தில்தான் களத்துக்கு வருகிறது. மூலபலம் எப்படிப்பட்ட படையோ, மூல பண்டாரம் அப்படிப்பட்ட பணம். எல்லாம் தீர்ந்த பிறகு தொடுவது. 

இப்போது பாட்டுக்குத் திரும்பினால் ஒவ்வொரு சொல்லும் வேறு எடையில் நிற்கும். ‘பாண்டிப் பிரான்’: இறைவன் இங்கே பாண்டிய நாட்டு அரசன். ‘தன் அடியவர்க்கு’: பெறுவோர் பட்டியல். ‘வழங்குகின்றான்’: நிகழ்காலம், வழங்கினான் என்றோ வழங்குவான் என்றோ இல்லை, இந்தக் கணம் கதவு திறந்திருக்கிறது. ‘முந்துமின்’: முந்துங்கள் என்று பலருக்கு இடும் ஏவல், எல்லோரும் வரலாம், ஆனால் தாமதம் கூடாது. முதலடியில் ‘காலம் உண்டாகவே’ என்று தொடங்கியதற்கும் இதுவே காரணம். சேமநிதி எப்போதும் திறந்திருக்கும் அறை அல்ல. திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஓட வேண்டும்.

இதில் துணிச்சல் எங்கே என்றால், எந்தக் கணக்கரும் ஒப்புக்கொள்ளாத செயலைத் திருவாசகம் இறைவன்மேல் ஏற்றுகிறது. பொலிசையிலிருந்து கொடுப்பது எல்லா அரசரும் செய்வது. முதலையே எடுத்துக் கொடுப்பது நிர்வாகத்தின்படி தவறு. பாண்டிப் பிரான் அதைச் செய்கிறான், திருமாலும் நான்முகனும் அருகில் வர முடியாதபோது அடியார்களுக்குச் செய்கிறான். ‘சேமநிதி’ என்ற பொழிப்புச் சொல் தவறில்லை. ஆனால் ‘தொடக் கூடாத முதல்’ என்ற நிறம் அதில் வெளுத்துப்போகிறது. என் வாசிப்பில் பாட்டின் உயிர் அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

பாடியவர் யார் என்பதையும் மறக்க வேண்டாம். மரபு வழியாக வரும் வரலாற்றின்படி வாதவூரர் (மாணிக்கவாசகர்) அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருந்துறையில் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவிட்டார். அதற்காக அரசனின் தண்டனைக்கு ஆளானார். ‘நரியைக் குதிரைப் பரியாக்கி’ என்று திருவாசகமே வேறோர் இடத்தில், அவருக்காகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கிய விளையாடலைப் பேசுகிறது. திருப்பாண்டிப் பதிகமும் ‘பரிமேற்கொண்ட சேவகனார்’ என்று குதிரைமேல் வந்தவனைத்தான் முதல் பாட்டிலேயே காட்டுகிறது. பாண்டியன் பண்டாரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தவர், அதே பதிகத்தில், இன்னொரு பாண்டியன் தன் பண்டாரத்தின் அடிவரைக்கும் திறந்துவிட்டான் என்கிறார். இதை அறிந்து படிக்கும்போது மனம் கலங்காமல் இருக்காது.

இதே சொல்லை இன்னொரு நிர்வாகியும் கையாண்டிருக்கிறார். சோழ அரசில் அமைச்சராக இருந்தவராக மரபு சொல்லும் சேக்கிழார். பெரிய புராணத்தில் கொடும்பாளூரை ஆண்ட இடங்கழி நாயனாரின் வரலாறு சின்னது. அடியார்க்கு அமுது படைக்க வழியில்லாத ஒருவர் அரசனின் நெல் கொட்டாரத்தில் (களஞ்சியம்) இரவில் திருடிப் பிடிபடுகிறார். ஏன் செய்தாய் என்று அரசன் கேட்க, அடியார்க்கு உணவிடுவது முட்டிப்போனதால் என்கிறார் அவர். உடனே அவரை விடுவித்த அரசன் சொல்வது: ‘இவரன்றோ பண்டாரம் எனக்கு’. திருடியவனே என் கருவூலம் என்கிறான். அடுத்து ‘நெற்பண்டாரமும் அன்றிக் குறைவில் நிதிப்பண்டாரம்’ எல்லாவற்றையும் அடியார்கள் கொள்ளை கொள்ளலாம் என்று பறை அறைவிக்கிறான்.

நெற்பண்டாரம் வேறு, நிதிப்பண்டாரம் வேறு என்று சேக்கிழார் பிரித்துச் சொல்வது அலங்காரம் அல்ல. தவசக் கணக்கும் காசுக் கணக்கும் தனித்தனியாக இருந்த நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்தவரின் சொல்லாட்சி அது. புணர்ச்சியையும் பாருங்கள்: நெல் + பண்டாரம் ‘நெற்பண்டாரம்’, நிதி + பண்டாரம் ‘நிதிப்பண்டாரம்’. தமிழ் இலக்கணப்படி திரிபும் மிகுதலும் நடக்கிறது. திருவாசகத்தில் ‘மூலபண்டாரம்’ வடமொழித் தொடராக, ஒற்று மிகாமல் நிற்கிறது. ஆகவே இன்று எழுதும்போது ‘மூலப் பண்டாரம்’ என்று ஒற்றுப் போட்டுத் திருத்த வேண்டாம். நெல்லுக்கும் நிதிக்கும் ஒற்று வேண்டும்.

கன்னட நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு: 12-ஆம் நூற்றாண்டில் கலியாணத்தில் பிஜ்ஜளன் அரசில் பண்டாரியாக இருந்த பசவண்ணர். அவரைப் ‘பக்தி பண்டாரி’ என்றே அந்த மரபு போற்றுகிறது. கருவூலச் சாவியைக் கையில் வைத்திருந்தவர்களோடு இந்தச் சொல் பக்தி இலக்கியத்துக்குள் நுழைவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சங்கப் பாட்டின் பூட்டிய நிதிக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கே தெரியும். அங்கே நிதி, காவலுக்கும் ஒளிப்புக்கும் அழிவுக்கும் உவமை. இங்கே பண்டாரம், திறப்பதற்கு உவமை. வைணவத்தில் நம்மாழ்வார் திருக்கோளூர்ப் பெருமானை ‘வைத்தமாநிதி’ என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சேர்த்து வைத்த பெருநிதி, ஆனால் தளர்ந்தவனுக்கென்று வைத்தது.

அப்படியானால் துறவி எப்படிப் பண்டாரம் ஆனார்? திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களின் தலைவரைப் ‘பண்டார சந்நிதி’ என்பது மரபு. திருவாவடுதுறை வழியில் வந்த 14 சைவ நூல்களுக்குப் ‘பண்டார சாத்திரம்’ என்று பெயர். கோயில் பண்டாரத்தை ஆளும் பொறுப்பிலிருந்து ஆளுக்குப் பெயர் சென்றது என்பது ஒரு விளக்கம். சிவஞானத்தின் களஞ்சியம் என்பது மடத்து மரபு கொள்ளும் விளக்கம். எப்படியாயினும் ஆளைக் குறிப்பது கிளைப் பொருள், அறையைக் குறிப்பது வேர்ப் பொருள். ‘இவரன்றோ பண்டாரம் எனக்கு’ என்ற சேக்கிழார் வாக்கில் இரண்டும் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. ஆனால் அங்கும் அரசன் சொல்வது உருவகம்தான், திருடியவரின் பட்டப்பெயர் அல்ல.

நிலப் பத்திரங்களைப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. திருவிதாங்கூரில் அரசு நிலம் ‘பண்டாரவகை’. 1865-இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் (அரச அறிவிப்பு) அந்த நிலங்களின் குடிகளுக்கு உரிமை வழங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியும் அப்போது அந்த ஆட்சியில் இருந்தது. ‘ஸ்ரீபண்டாரவகை’ என்று முன்னே ஸ்ரீ வந்தால் அது அரசு நிலம் அல்ல, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலம். கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அந்த நிலங்களுக்கென்றே 1964-இல் தனிச் சட்டம் வந்தது. ஒரு ‘ஸ்ரீ’யை விட்டுப் படித்தால் உடைமையாளரே மாறிப்போவார். சுவடிகளுக்கு வந்தால் ‘சரசுவதி பண்டாரம்’ என்பது நூலகம். சிதம்பரம், திருவரங்கம் கல்வெட்டுகளில் அந்தப் பெயர் உண்டு.

ஒரு பழைய வரியில் எந்தப் பண்டாரம் என்று முடிவு செய்ய, அகராதியைவிட வினைச்சொல் நன்றாக உதவும். ஒடுக்குதல், இடுதல், பெறுதல், அளத்தல், வழங்குதல், திறத்தல், கொள்ளையிடுதல் வந்தால் அறை அல்லது பொருள். வேற்றுமை உருபும் கைகொடுக்கும்: ‘பண்டாரத்தே’, ‘பண்டாரத்து’ என்று அத்துச் சாரியையோடு இடப்பொருளில் வந்தால் ஐயமே இல்லை. ஆளாக இருந்தால் ‘பண்டாரத்தார்’, ‘பண்டாரங்கள்’ போன்ற மரியாதைப் பன்மையோ, இன்னாருக்குச் சீடர் என்ற தொடர்போ, பெயருக்குப் பின்னொட்டாகவோ வரும். ‘அடியவர்க்கு மூலபண்டாரம் வழங்குகின்றான்’ என்பதில் கொடுப்பவன், பெறுபவர், கொடுக்கப்படும் பொருள் மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. ஆளுக்கு அங்கே இருக்கையே இல்லை.

இன்றைய எழுத்தில் அரசுப் பணம் இருக்கும் இடத்துக்குக் கருவூலம் என்பதே எழுத வேண்டிய சொல். மாவட்டக் கருவூலம், சார்நிலைக் கருவூலம் என்று அலுவலகப் பலகையிலும் அதுதான். பொக்கிஷம், கஜானா இரண்டும் கதைக்கும் பேச்சுக்கும் போதும். பழைய மணம் வேண்டுமென்று புதுக் கட்டுரையில் ‘அரசுப் பண்டாரம்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது துறவியின் உருவம்தான். ஆனால் திருவாசகத்தை உரைநடையாக்கும்போது மட்டும் ‘மூல பண்டாரம்’ என்பதை மாற்றாமல் வைத்து, பக்கத்தில் ‘எவரும் எடுத்துச் செலவழிக்காத முதல் நிதி’ என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். கருவூலம் என்று மாற்றினால் ‘மூல’ என்ற அடைமொழியைக் கொண்டுபோய் வைக்க இடம் கிடைக்காது.